நெல் காயும் சாலை

அந்த மாசியில் நாகூரைச் சுற்றிய சாலைகளில் எல்லாம் நெல் கிடந்தது. 2023 பிப்ரவரி முதல் வாரம், சம்பாவும் தாளடியும் அறுவடைக்கு நின்ற நேரம் பார்த்து மழை கொட்டிவிட்டது. டெல்டா நெடுக முற்றிய கதிர் சாய்ந்து தண்ணீரில் ஊறியது. 33 சதவீதத்துக்கு மேல் சேதமான நெல்லுக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்தது. தப்பியதை அறுத்து அடித்தவர்களுக்கு அடுத்த கவலை ஈரப்பதம். கொள்முதல் நிலையத்தில் வழக்கமான வரம்பு 17 சதவீதம். களத்தில் இடம் போதாமல் தார்ச்சாலையில் பாதி அகலத்துக்கு நெல்லைப் பரப்பி, மணிக்கொரு தரம் காலால் கோதிவிட்டார்கள். பொழுது சாய்ந்ததும் குவித்துப் படுதா போர்த்தி, முனைகளில் கல்லை வைத்து, பக்கத்திலேயே ஒருவர் சாக்கை விரித்துப் படுத்துக்கொள்வார். மாடு வரும், களவு வரும், மழை வரும். வண்டியும் வரும் என்று அங்கே படுக்கிற எல்லோருக்கும் தெரியும்.

அப்படி ஓர் இரவு பத்தேகால் மணிக்குத் தம்பிக்குப் போன் வந்தது.

இருவரையும் வீட்டில் கூப்பிடுகிறபடியே அண்ணன், தம்பி என்று சொன்னால் போதும். அண்ணன் குட்டியானை ஓட்டுகிறவர். வண்டி முதலாளியுடையது, ஓடுகிற நாளுக்குச் சம்பளம். அன்று காலையிலிருந்து களத்துக்கும் கொள்முதல் நிலையத்துக்குமாக நாலு நடை சிப்பம் ஏற்றியிருக்கிறார். கடைசி நடை முடிந்ததும், மூட்டை தூக்கிய இருவரையும் ஏற்றிக்கொண்டு வாஞ்சூருக்குப் போயிருக்கிறார். திரும்பி நாகூருக்குள் நுழைகிற இடத்தில் போலீஸ் கையைக் காட்டி நிறுத்தியிருக்கிறது. போனில் பேசியது மூட்டை தூக்கிய பையன். “ஊதச் சொன்னாங்கண்ணே. 84 காட்டுது. அண்ணனை ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போறாங்க.”

84 என்றால் என்னவென்று தம்பிக்கு அன்று தெரியாது. தெரு முழுக்கக் கேட்டும் சொல்ல ஆளில்லை.

வாஞ்சூர் என்ற பெயரை நாகூரில் யாரும் ஊர்ப்பெயராக மட்டும் சொல்வதில்லை. “வாஞ்சூருக்குப் போயிட்டு வந்தான்” என்றால் பொருள் வேறு. நாகூரிலிருந்து வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் கொஞ்ச தூரம் போனால் புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் காரைக்கால் பிரதேசம் தொடங்கிவிடும். இந்தக் கோட்டுக்கு வயது அதிகம். 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கி, 1948இல் அது சென்னை மாகாணம் முழுவதற்கும் வந்தபோது, காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. அந்த நாளில் இந்த எல்லையைத் தாண்டுவது நாட்டையே தாண்டுவது. 1954 நவம்பர் 1 அன்று காரைக்கால் இந்தியாவோடு சேர்ந்தது; கலால் சட்டம் மட்டும் சேரவில்லை. தமிழ்நாட்டில் 1971இல் கடை திறந்து, 1974இல் மூடி, 1981இல் மறுபடி திறந்து, 2003 நவம்பரிலிருந்து டாஸ்மாக்கே சில்லறைக்கு விற்கத் தொடங்கிய பிறகும், கோட்டுக்கு அந்தப் பக்கம் விலை குறைவு என்ற ஒன்று மாறவில்லை. பாட்டிலை வாங்கி வண்டியில் வைத்துக்கொண்டு வந்தால் அது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்தில் தனி வழக்கு, வண்டியே பறிபோகலாம். அதனால் வாங்கி வருவதைவிட அங்கேயே வயிற்றில் ஏற்றிக்கொண்டு வருவது பத்திரம் என்று ஒரு கணக்கு இந்தப் பக்கத்தில் பரம்பரையாக உண்டு. அண்ணன் போட்டதும் அதே கணக்குத்தான்.

நெடுஞ்சாலையோரக் கடைகளை எதிர்த்துப் பெரிய சண்டை தொடங்கியதும் தமிழ்நாட்டில்தான். வழக்கறிஞர் கே. பாலு சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு டெல்லி வரை போய், 2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று தீர்ப்பளித்தது. பிறகு சிற்றூர்களுக்கு 220 மீட்டர் என்று தளர்ந்தது. 2017 ஜூலையில் நகராட்சி எல்லைக்குள் இந்தத் தடை இல்லை என்ற விளக்கமும் வந்தது. ஒரு வழக்கறிஞர் எழுதிய மனுவால் நாடு முழுக்கக் கடைகள் இடம் மாறின. அந்த உழைப்பை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் கடை அரைக் கிலோமீட்டர் உள்ளே தள்ளிப் போனால், குட்டியானையும் அரைக் கிலோமீட்டர் உள்ளே போய்த் திரும்புகிறது.

அன்று இரவுக்கு வருவோம். தம்பி சட்டையை மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்ததும் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். கொய்யா இலையை மென்றிருந்தால் வாடையே வந்திருக்காது என்றார் ஒருவர். நடந்தது நடந்தாயிற்று, இனி அதைச் சொல்லி என்ன பயன் என்று தம்பிக்குக் கோபம் வந்தது. டீக்கடைக்காரர் தனக்குத் தெரிந்த ஓர் ஆளின் எண்ணைக் கொடுத்தார். அந்த ஆள் வக்கீல் இல்லை, வக்கீல் குமாஸ்தாவும் இல்லை. ஆனால் எல்லா வக்கீலையும் தெரியும் என்றார். பதினைந்தாயிரம் கொடுத்தால் வழக்கே இல்லாமல் பார்த்துக்கொள்வதாகவும், காலை ஏழு மணிக்குள் ஐயாயிரம் முன்பணம் வேண்டும் என்றும் போனிலேயே பேசி முடித்தார். தஞ்சாவூரில் இருக்கிற மாமா, “அங்கெல்லாம் சரிப்படாது மாப்ளே, நான் பெரிய வக்கீலா ஒருத்தரைப் பிடிக்கிறேன்” என்றார். தம்பி போனில் தேடியபோது ‘உங்கள் அருகிலுள்ள சிறந்த வக்கீல்கள்’ என்று வரிசையாகப் பெயர்கள் வந்தன, ஒவ்வொன்றுக்கும் நட்சத்திரம் போட்டு. முதல் எண்ணைக் கூப்பிட்டால் எங்கோ ஒரு நகரத்திலிருந்து ஒரு பெண் பேசினார். நாகப்பட்டினம் எந்த மாநிலம் என்று கேட்டார்.

அம்மா மட்டும் எதுவும் சொல்லவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து தர்கா இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் எந்தக் கஷ்டம் வந்தாலும் நாகூர் ஆண்டவருக்குத்தான் முதல் வேண்டுதல்.

ஒன்றைத் தம்பி வெகுநாள் கழித்துத்தான் கவனித்தான். அன்று இரவு போனில் பேசியவர்களும் தெருவில் நின்றவர்களுமாகப் பதினைந்து பேருக்குக் குறையாது. யாரையாவது இடித்துவிட்டாரா, யாருக்காவது அடிபட்டதா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. தம்பியும் கேட்கவில்லை.

அண்ணன் நடுநிசிக்கு மேல் வீடு வந்தார். ஜாமீனில் விடக்கூடிய குற்றம்தான். பிணைக்கு ஆள் கையெழுத்துப் போட்டதும் விட்டுவிட்டார்கள். வண்டி நிலையத்தில் நின்றது. ஓட்டுநர் உரிமத்தை வாங்கிக்கொண்டு ஒரு சீட்டுக் கொடுத்திருந்தார்கள். அண்ணன் அதைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டி, “லைசென்சுக்குப் பதிலா இதை வச்சு ஓட்டிக்கலாம்” என்றார். அது தவறு என்று மறுநாள் தெரிந்தது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, குடித்து ஓட்டிய வழக்கில் போலீஸ் உரிமத்தைக் கைப்பற்றி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். பதிலுக்குக் கொடுக்கிற ஒப்புகைச் சீட்டு உரிமம் திரும்பும் வரை வண்டி ஓட்ட அனுமதி ஆகாது. அந்தச் சீட்டை நம்பி மறுநாளே வண்டி எடுத்திருந்தால் இன்னொரு வழக்கு. இப்படி எத்தனை பேர் எடுத்திருப்பார்களோ!

மறுநாள் காலை முன்பணம் கேட்ட ஆள் மூன்று முறை கூப்பிட்டார். அம்மா தோட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். தம்பி வேலை பார்த்த இடத்தில் ஒரு மூத்த அம்மா இருந்தார். அவருடைய மகள் ஜீவனாம்ச வழக்குக்காக நீதிமன்றத்துக்கு நடந்தவர். அவர்தான், “யாருக்கும் பணம் கொடுக்காதே. நாகப்பட்டினம் கோர்ட்டு வளாகத்துலேயே இலவச சட்ட உதவி இருக்கு. நேரா போய்க் கேளு” என்றார். பஸ்ஸில் இருபது நிமிடம் ஆகாத தூரம். தம்பி பிறந்ததிலிருந்து அந்த வாசல் வழியாகப் போய்க்கொண்டிருக்கிறான். உள்ளே இப்படி ஓர் அறை இருப்பது தெரியாது.

மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு என்று பலகையில் எழுதியிருந்தது. ஏழை என்பதால் ஒருவருக்கு நீதி மறுக்கப்படக் கூடாது என்று அரசமைப்பின் 39அ பிரிவு சொல்கிறது. அதற்காக 1987இல் இயற்றிய சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் 1995 நவம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள், பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள், காவலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் வருமானம் பாராமல் வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய். அண்ணனின் ஓட்டுநர் சம்பளம் அதற்கு வெகு கீழே. ஒரு படிவம், வருமானத்தைப் பற்றி ஓர் உறுதிமொழி, ஆதார் நகல். அவ்வளவுதான் கேட்டார்கள். தம்பி கையில் பணத்தை மடித்து வைத்துக்கொண்டே நின்றான், யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல். “பணத்தை உள்ளே வைங்க தம்பி” என்றார் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்.

குழுவின் பட்டியலில் இருந்த ஒரு வக்கீலம்மாவை நியமித்தார்கள். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். நீதிமன்றத்துக்குப் பின்னால் ஒரு பழைய வீட்டின் முன்னறையில் அலுவலகம். வாசலில் கைக்கு அடக்கமான பெயர்ப்பலகை. பலகை சிறிதாக இருப்பதைப் பார்த்துத் தம்பிக்குச் சந்தேகம். வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது, பெயர்ப்பலகைகூட அளவாகத்தான் இருக்கலாம் என்று பார் கவுன்சில் விதி இருப்பது அவனுக்குப் பிறகுதான் தெரிந்தது.

வக்கீலம்மா கட்டைப் பிரிப்பதற்கு முன் அண்ணனை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: “யாருக்காவது அடிபட்டுச்சா?”

“இல்லம்மா.”

“வண்டியில ஏதாவது இடிச்சிருக்கா? ஓரமா யாராவது விழுந்தாங்களா? நிச்சயமாத் தெரியுமா?”

அண்ணன் தலையை ஆட்டினார். அதன்பிறகுதான் மற்றக் கேள்விகள். கருவியில் ஊதச் சொன்னார்களா, சீட்டு வந்ததா, டாக்டரிடம் எத்தனை மணிக்குக் கூட்டிப் போனார்கள். ஒவ்வொன்றையும் காகிதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவுப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் சாராயச் சத்து இருந்தால் குற்றம். ரத்தத்தை அளக்க ரத்தமே எடுக்க வேண்டியதில்லை. நுரையீரலில் ரத்தத்திலிருந்து மூச்சுக்குக் கொஞ்சம் சாராயம் ஆவியாய் வருகிறது. ஏறத்தாழ 2,100 மில்லி மூச்சில் இருப்பது 1 மில்லி ரத்தத்தில் இருப்பதற்குச் சமம். 1954இல் அமெரிக்காவின் இந்தியானாவில் ராபர்ட் போர்க்கன்ஸ்டைன் செய்த கருவியிலிருந்து நாகூர் சாலையில் நீட்டிய கருவி வரை எல்லாவற்றுக்கும் கணக்கு இதுதான். கருவி அளப்பது நுரையீரலின் அடியிலிருந்து வருகிற மூச்சை. கொய்யா இலை வாயோடு நின்றுவிடும்.

கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் பதிவுபெற்ற மருத்துவரிடம் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். தவறினால் விட்டுவிட வேண்டும். இது 202ஆம் பிரிவு. அண்ணனை நிறுத்தியது 9.40, மருத்துவர் எழுதிய நேரம் 10.55. சரியாக இருந்தது. கருவியின் சீட்டில் தேதி, நேரம், அளவு எல்லாம் இருந்தன. வக்கீலம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “வாடை அடிச்சது, தள்ளாடினான், கண்ணு விரிஞ்சிருந்ததுன்னு மட்டும் எழுதியிருந்தா நான் வாதாடுவேன். அதை மட்டும் வச்சுக் குடிபோதைன்னு முடிவு கட்ட முடியாதுன்னு 1971லயே உச்ச நீதிமன்றம் ஒரு மகாராஷ்டிரா வழக்குல சொல்லியிருக்கு. உங்க வழக்கு அப்படியில்லை. எல்லாம் முறைப்படி இருக்கு. நீங்க குடிச்சிருந்தீங்க. குத்தத்தை ஒத்துக்கங்க.”

அண்ணனுக்கு முகம் வாடிவிட்டது. பதினைந்தாயிரத்துக்கு வழக்கே இல்லாமல் ஆக்குகிறேன் என்ற குரல் இன்னும் காதில் இருந்தது. அதைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். வக்கீலம்மா கோபப்படவில்லை. இந்தக் குற்றத்தைச் சாலையிலேயே அபராதம் கட்டி முடிக்க முடியாது, நீதிமன்றம்தான் முடிக்க வேண்டும் என்று விளக்கினார். சீட்டு அச்சாகி, மருத்துவர் எழுதி, உரிமம் கைமாறிய பிறகு அதை இல்லாமல் ஆக்குகிறேன் என்று சொல்கிறவன் பணத்தை வாங்கிக்கொண்டு காணாமல் போவான். வாய்தா தேதிக்கு ஆஜராகாமல் அண்ணன் பேரில் வாரண்ட் வரும். “பத்தாயிரம் கட்டுங்க. அரசாங்க ரசீது வாங்குங்க. அதோட முடியும்.”

அந்தப் பத்தாயிரத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1988 சட்டத்தில் முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம் என்று இருந்தது. 2019 செப்டம்பர் 1 முதல் அது 10,000 ஆனது. இரண்டாம் முறை என்றால் இரண்டாண்டு வரை சிறை, அல்லது 15,000, அல்லது இரண்டும். தமிழ்நாடு புதிய அபராத விகிதங்களை 2022 அக்டோபரில்தான் முழுவதுமாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அண்ணன் அகப்பட்டது அதற்கு நாலு மாதம் கழித்து. தொகை ஏறியது எல்லோருக்கும் தெரியும். அதைவிட முக்கியமான மாற்றம் ‘வரை’ என்ற ஒரு சொல் அபராதத்தை விட்டுப் போனது. முன்பு இரண்டாயிரம் வரை என்று இருந்ததால் நடுவர் ஏழையின் நிலை பார்த்து ஐந்நூறோ ஆயிரமோ போட முடிந்தது. இப்போது சட்டத்தில் பத்தாயிரம் என்று மட்டும் இருக்கிறது. அந்தப் பருவத்தில் சாதாரண ரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,115 ரூபாய். 40 கிலோ சிப்பம் ஒன்று 846. அபராதம் ஏறக்குறையப் பன்னிரண்டு சிப்பம். மழையில் நனைந்த வயலுக்கு நிவாரணமாக வந்ததில் அரை ஹெக்டேருக்கு உரியது. கார் வைத்திருப்பவருக்கும் குட்டியானை ஓட்டும் கூலிக்காரருக்கும் ஒரே பத்தாயிரம் என்பதில் நியாயம் குறைகிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் அன்று அந்த அறையில் வக்கீலம்மா பேசியது பணத்தைப் பற்றி அல்ல. அண்ணன் எழுந்திருக்கும்போது, “உக்காருங்க” என்று மறுபடி உட்காரவைத்து ஒரு வழக்கைச் சொன்னார். 2006 நவம்பர் 12 விடியற்காலை, மும்பை பாந்த்ராவில் கார்ட்டர் ரோடு. நடைபாதையில் கூலித் தொழிலாளர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். குடித்துவிட்டுக் கார் ஓட்டிவந்த ஓர் இளைஞர் நடைபாதை மேல் ஏறினார். ஏழு பேர் செத்தார்கள்; எட்டுப் பேருக்குக் காயம். கீழ்நீதிமன்றம் கவனக்குறைவு என்று ஆறு மாதம் போட்டது. உயர் நீதிமன்றம் அதை ஏற்காமல், சாவு நேரலாம் என்று தெரிந்தே செய்த குற்றம் என்று மூன்றாண்டு சிறை விதித்தது. 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அலிஸ்டர் பெரேரா வழக்கு என்று சட்டக் கல்லூரியில் படிக்கிறார்கள்.

“தூங்கிட்டிருந்தவங்க எல்லாரும் வேலைக்கு வந்தவங்க” என்றார் வக்கீலம்மா. “நம்ம ரோட்டுல இப்ப யாரு தூங்குறாங்க?”

அண்ணன் பதில் சொல்லவில்லை. அவருடைய சித்தப்பா அந்த வாரம் முழுதும் சாலையோரத்தில், படுதா பக்கத்தில் படுத்திருந்தார். அகப்பட்ட அன்று அண்ணன் ஏற்றிய சிப்பங்களில் பாதி, அந்தச் சாலையில் காய்ந்த நெல். பஸ்ஸில் திரும்பும்போது அவர் தம்பியிடம் சொன்ன ஒரே விஷயம் இது: “மினாரா லைட்டு தெரிஞ்சுச்சுடா. வீடு வந்திருச்சுன்னு நினைச்சு மிதிச்சேன். ரோட்டையே பாக்கல.” தஞ்சை மராட்டிய அரசர் பிரதாப சிங் கட்டிக்கொடுத்த 131 அடி மினாரா அது. கடலில் போகிறவர்களும் வயலில் நிற்கிறவர்களும் அதைப் பார்த்துத்தான் ஊர் கிட்ட வந்துவிட்டதென்று தெரிந்துகொள்வார்கள்.

வழக்கு நாளன்று குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் பத்தரை மணிக்கே கூட்டம். டவாலி பெயரை மூன்று முறை கூப்பிட்டார். கூண்டில் ஏறிய அண்ணன் கையைக் கட்டிக்கொண்டார். நடுவர் குற்றச்சாட்டை எளிய தமிழில் சொல்லி, புரிகிறதா, ஒத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார். ஒத்துக்கொண்டார். வக்கீலம்மா பேசியது ஒரு நிமிடம்கூட இருக்காது. முதல் குற்றம், யாருக்கும் சேதமில்லை, ஓட்டுநர் வேலைதான் பிழைப்பு, சிறை வேண்டாம். அபராதம் 10,000, கட்டத் தவறினால் சிறை என்று தீர்ப்பானது. அவ்வளவு சிறிய பேச்சுக்கு ஒரு வக்கீல் தேவையா என்று யாராவது கேட்கலாம். அண்ணனுக்கு முன்னால் கூண்டில் ஏறியவருக்கு வக்கீல் இல்லை. எல்லாவற்றுக்கும் “ஆமாங்கய்யா” என்று சொல்லிவிட்டு இறங்கியவர், வராந்தாவில் நின்று தம்பியிடம், “கட்டினா லைசென்ஸ் இங்கேயே தருவாங்களா?” என்று கேட்டார். உரிமம் வேறு அலுவலகத்தில் இருக்கிறது, அங்கே தனியாக விசாரணை உண்டு, அங்கே போய்த் தன் பக்கத்தைச் சொல்ல உரிமையும் உண்டு என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. தம்பி சொன்னான். முதல்நாள்தான் அவனே கற்றது.

அன்று இரவு வண்டியில் கூட வந்த இருவரும் பயந்து ஊரை விட்டே போகப் பார்த்தார்கள். குடித்து ஓட்டத் தூண்டுகிறவருக்கும் அதே தண்டனை என்று 188ஆம் பிரிவு இருக்கிறது. அதை வைத்துச் சென்னையில் கூட வருபவர்மீதும் நடவடிக்கை என்று 2022இல் போக்குவரத்துப் போலீஸ் அறிவித்தது அவர்கள் காதுக்கு எட்டியிருந்தது. இங்கே அவர்கள்மீது வழக்கு எதுவும் இல்லை.

முதலாளிதான் கடைசி வரை கோபம் தணியாமல் இருந்தார். அவர் கோபத்திலும் காரணம் இருந்தது. குடித்த ஓட்டுநரால் விபத்து நேர்ந்தால், அடிபட்டவருக்கு இழப்பீடு கொடுத்துவிட்டு இன்சூரன்ஸ் கம்பெனி அந்தப் பணத்தை வண்டிக்காரரிடம் வசூலிக்கப் பார்க்கும். 2019 திருத்தம் அந்த வழியைச் சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கிறது. ஒரு குட்டியானையை விற்றாலும் ஓர் உயிரின் இழப்பீடு தேறாது.

உரிமம் மூன்று மாதம் நிறுத்திவைக்கப்பட்டது. குடித்து ஓட்டினால் குறைந்தது மூன்று மாதமாவது உரிமத்தை நிறுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015இல் மாநிலங்களுக்குச் சொன்னதுதான் இதற்கு அடி. சிங்கப்பூரில் வண்டி ஓட்டுகிற அக்கா புருஷன் போனில் இதைக் கேட்டு, “மூணே மாசமா?” என்றார். அங்கே ரத்தத்தில் 80 மில்லிகிராம் வரை விடுகிறார்கள். ஆனால் 2019இல் திருத்திய சட்டப்படி முதல் குற்றத்துக்கே 2,000 முதல் 10,000 வெள்ளி வரை அபராதம், உரிமம் குறைந்தது இரண்டாண்டுக்குப் போய்விடும். நம் சட்டம் அளவில் அதைவிடக் கண்டிப்பு, உரிமத்தில் இளக்கம். எது நல்லது என்று அன்று வீட்டில் யாரும் வாதாடவில்லை. அந்த மூன்று மாதமும் அண்ணன் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கினார். ஓட்டுநராக ஏற்றிச்சென்ற சிப்பத்தைத் தோளில் சுமந்தார். தோள் தோல் உரிந்து, அம்மா தினமும் இரவு தேங்காய் எண்ணெய் தடவினார்.

அன்று இரவு போனில் வந்த நட்சத்திரப் பட்டியலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அமர்வு, இணையத்தில் வக்கீல்களைத் தரம் போட்டு விலை போட்டு விற்கும் விளம்பரங்கள் மீது நடவடிக்கை எடுக்க இந்திய பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. வக்கீல் தொழில் வியாபாரம் அல்ல என்பது தீர்ப்பின் சாரம். தம்பி அதைச் செய்தித்தாளில் படித்துவிட்டுக் கத்தரித்து வைத்தான். அவனுக்கு அதில் உடன்பாடுதான். ஆனால் பட்டியலை எடுத்துவிட்டால் மட்டும் போதுமா என்ற கேள்வியும் இருந்தது. ராத்திரி பத்து மணிக்கு நாகூரில் ஒரு குடும்பம் யாரைக் கூப்பிடும்? சட்ட உதவிக்கு நாடு முழுக்க 15100 என்ற இலவச எண் இருக்கிறது. கஞ்சிக்கடையிலும், பஸ் நிறுத்தத்திலும், கொள்முதல் நிலையத்துச் சுவரிலும் இருக்க வேண்டிய எண் அது. அபராதம் எவ்வளவு என்று எழுதிய பலகையைச் சாலையில் வைக்கத் தெரிந்த நமக்கு, அதற்குக் கீழே இந்த ஐந்து இலக்கத்தை எழுதுவதில் என்ன செலவு?

அண்ணன் அகப்பட்டதற்கு அடுத்த தை மாதம். பின்தெருப் பையன் ஒருவன் வாஞ்சூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும்போது அகப்பட்டுக்கொண்டான். இரவு பதினொன்றுக்கு அவன் அப்பா வந்து கதவைத் தட்டினார். தம்பி விளக்கைப் போடுவதற்குள் அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார். வந்தவர் மூச்சு வாங்க, யாரையாவது பிடிக்கணும், எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அண்ணன் அவரைத் திண்ணையில் உட்காரவைத்து, தண்ணீர்ச் செம்பைக் கையில் கொடுத்தார்.

“முதல்ல சொல்லுங்க மாமா. யாருக்கும் அடிபடலையே?”